பைபாமில் 2.5 ஆம்பியர்-மணி செல்: டிஸ்சார்ஜ் நேரம் இரட்டிப்பாக வருகிறதே?

கேள்வி:
வணக்கம். பைபாமில் (பேட்டரியைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பைதான் மென்பொருள்) டிஎஃப்என் மாடல் (எலக்ட்ரோடு, எலக்ட்ரோலைட் இரண்டையும் விரிவாகக் கணக்கிடுவது), சென்2020 பாராமீட்டர் செட் (ஒரு செல்லின் அளவீடுகளின் தொகுப்பு). என் செல் 18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீள உருளை), 2.5 ஆம்பியர்-மணி. அதனால் 'நாமினல் செல் கெபாசிட்டி'யை 5இலிருந்து 2.5 ஆக்கினேன். 1சி-யில் (முழுக் கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் மின்னோட்டம்) டிஸ்சார்ஜ் முடிய ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் ஆகிறது. எதை விட்டுவிட்டேன்?

பதில் 1:
அந்த எண், 1சி என்றால் எத்தனை ஆம்பியர் என்று கணக்கிடத்தான். நிஜக் கொள்ளளவு எலக்ட்ரோடின் பரப்பு, தடிமன், ஆக்டிவ் மெட்டீரியலின் பங்கு, லித்தியம் செறிவு இவற்றிலிருந்து வருகிறது. சென்2020 என்பது எல்ஜி எம்50 என்ற 21700 (இன்னும் பெரிய உருளை) செல்லை அளந்து எடுத்தது. அந்த 5 ஆம்பியர்-மணி அப்படியே இருக்க, நீங்கள் பாதி மின்னோட்டத்தை இழுக்கிறீர்கள். 'எலக்ட்ரோடு விட்த்' 1.58 மீட்டர் என்று இருக்கும், அதை 0.79 ஆக்குங்கள். நாமினல் 2.5 இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி, 1சி சரியாகிவிட்டது. ஆனால் 3சி-யில் (அதன் மூன்று மடங்கு மின்னோட்டத்தில்) வோல்டேஜ் பாதி வழியிலேயே சரிகிறது, சில சமயம் சால்வரே (சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி) எரர் கொடுத்து நிற்கிறது. கேசடி சால்வரை 'ஃபாஸ்ட்' மோடில் ஓட்டலாமா?

பதில் 2:
வேண்டாம். 'ஃபாஸ்ட்' மோடு ஈவென்ட்களை (கணக்கை நிறுத்த வேண்டிய வரம்புகளை) பார்க்காது, 2.5 வோல்ட் கட்-ஆஃப்பைத் தாண்டியும் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். 'சேஃப்'பிலேயே விட்டு, எலக்ட்ரோலைட் செறிவை வரைந்து பாருங்கள். தொடக்கத்தில் எங்கும் கனமீட்டருக்கு 1000 மோல். டிஸ்சார்ஜில் பாசிட்டிவ் பக்கம் குறையும். கரண்ட் கலெக்டர் ஓரத்தில் அது பூஜ்யத்தை நெருங்கினால் வோல்டேஜ் விழுந்தே தீரும், சால்வர்மேல் குற்றமில்லை. எஸ்பிஎம்மில் (ஒவ்வொரு எலக்ட்ரோடையும் ஒரே துகளாகக் கருதும் எளிய மாடல்) எலக்ட்ரோலைட் கணக்கே கிடையாது, அதனால் தடங்கலின்றி ஓடும். 3சி-க்கு அதை நம்பாதீர்கள்.

இங்கே காரணம் தடிமன். எம்50 ஆற்றலுக்காகக் கட்டிய செல்: நெகட்டிவ் 85.2, பாசிட்டிவ் 75.6 மைக்ரான். உங்கள் செல் 3சி தாங்குகிறது என்றால் எலக்ட்ரோடு பெரும்பாலும் இதைவிட மெல்லியதாக இருக்கும். விட்த்தை மறுபடி 1.58 ஆக்கி, இரண்டு தடிமனையும் பாதியாக்குங்கள்: 42.6, 37.8 (மீட்டரில் எழுத மறக்காதீர்கள்). கொள்ளளவு அதே 2.5தான். ஆனால் சதுர மீட்டருக்கான மின்னோட்டமும் பாதி, அயனி நகரும் தூரமும் பாதி. எலக்ட்ரோடுக்குள் செறிவு இறங்குவது ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். பாதி என்பது ஊகம்தான். செல்லைப் பிரித்து அளந்த தடிமன் கிடைத்தால் அதையே போடுங்கள்.

பதில் 1:
3சி-யில் செல் சூடாகும். 'லம்ப்டு' தெர்மல் ஆப்ஷன் (செல் முழுவதற்கும் ஒரே வெப்பநிலை என்று கணக்கிடுவது) போடுவதானால், செல்லின் கனஅளவும் குளிரும் பரப்பும் 21700க்கானவை, கையால் மாற்ற வேண்டும். இந்த செட்டில் துகளுக்குள் இருக்கும் டிஃப்யூசிவிட்டி (லித்தியம் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்ற எண்) வெப்பநிலையோடு மாறாது, மாறிலியாகவே இருக்கிறது. சூடான பிறகு வளைவு அளவீட்டோடு பொருந்தாவிட்டால் முதலில் அங்கே பாருங்கள். மெஷ் புள்ளிகளையும் (செல்லைக் கணக்குக்காகப் பிரிக்கும் புள்ளிகள்) 20இலிருந்து 40 ஆக்கி ஒருமுறை ஓட்டுங்கள். வளைவு நகர்ந்தால் 20 போதவில்லை.