பி.ஏ.எஸ்.எல்.பி. முடிச்சவ, கிளினிக் மணிநேர லெட்டர் கேக்குதாங்க, அவசரம்

பாளை_பொண்ணு:
அண்ணாச்சி, அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, செவித்திறன் சிகிச்சைப் பட்டப்படிப்பு) முடிச்சேன், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் இருக்கு. கல்யாணமாகி இங்க வந்து மூணு மாசம். ஸ்பீச் தெரபி மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிச்சா கிளினிக் மணிநேர லெட்டர் (படிக்கும்போது எத்தனை மணிநேரம் நோயாளிகளைப் பாத்தோம்ங்கறதுக்கு), சிலபஸ், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் இருபது நாளுக்குள்ள வேணுங்காங்க. காலேஜுக்கு நாலு மெயில் போட்டாச்சு, பதிலே இல்ல. படிச்சதெல்லாம் வீணாப் போயிருமா? ராத்திரி தூக்கமே வரல.

கடையநல்லூர்_லண்டன்:
மாஸ்டர்ஸே வேண்டாம்மா. பிரிட்டன்ல தெரபிஸ்டுகளைப் பதிவு பண்ற எச்.சி.பி.சி.க்கு நேரா வெளிநாட்டு விண்ணப்பம் போடுங்க. படிச்ச பாடத்தையும் பாத்த கேஸையும் அவங்க தரத்தோட ஒண்ணொண்ணா ஒப்பிடுவாங்க. ஐஇஎல்டிஎஸ் 8.0 வேணும், எந்தப் பகுதியும் 7.5க்குக் கீழ போகக் கூடாது. மத்த தெரபிக்கு 7.0 போதும். பேச்சே வேலைங்கறதால இதுக்குக் கூடுதல்.

டல்லாஸ்_தாமிரபரணி:
லண்டன் கணக்கு அமெரிக்காவுல எடுபடாது அண்ணாச்சி. இங்க மாஸ்டர்ஸ் இல்லாம நடக்காது. இங்க சான்றிதழ் தர்றது ஆஷா, அதாவது அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அமைப்புகளோட சான்றிதழை ஏத்துக்க ஆஷாவுக்கு ஒப்பந்தம் உண்டு, இந்தியா அதுல இல்ல. அதோட முதல் செமஸ்டருக்குத் தயாரா இருங்க. முக்கா மணிநேர தெரபிக்கு முன்னால திட்டம், பின்னால சோப் நோட் (சிகிச்சைக் குறிப்பு), அதைத் திருத்தித் திருப்பி அனுப்புவாங்க, மறுபடி எழுதணும். பாடத்தை விட அந்த எழுத்துவேலைதான் ஆளை அசத்தும்.

மானூர்_அக்கா:
அதை விட உச்சரிப்பு. நம்ம இங்கிலீஷைக் கேட்டதுமே முகத்தைச் சுளிக்கிற மேற்பார்வையாளர் இருக்காங்க. சம்பளமில்லாத பயிற்சி பிளேஸ்மென்டுக்குத் தினம் நாப்பது மைல் கார் வேற.

டல்லாஸ்_தாமிரபரணி:
உச்சரிப்பு வேறுபாடு கோளாறு இல்லங்கறது ஆஷாவோட நிலைப்பாடு. சிகிச்சைக்கு வேண்டிய ஒலியை நோயாளிக்குச் சரியாச் சொல்லிக் காட்ட முடியுதாங்கறதுதான் கேள்வி. நமக்குச் சறுக்குறது வார்த்தை தொடக்கத்துல காத்தோட வர்ற ப, ட, க, அப்புறம் வி-டபிள்யூ வித்தியாசம், இசட். ழகரம் சுத்தமா வர்றவங்களுக்கு அமெரிக்க ஆர் சீக்கிரம் பிடிபடும்.

சேரன்மாதேவி_ஹூஸ்டன்:
தாயி, எந்த நாடு, என்ன விசா, எப்ப சேரணும்? அதைச் சொல்லாம யாரு என்ன சொல்ல?

பாளை_பொண்ணு:
மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. டெக்சாஸ், எச்4, வீட்டுக்காரரைச் சார்ந்த விசா. வர்ற ஆகஸ்டுக்கு.

சேரன்மாதேவி_ஹூஸ்டன்:
அப்ப மணிநேர லெட்டருக்காக உருகாதீங்க, சிலபஸைப் பிடிங்க. ஆஷா சான்றிதழுக்கு மொத்தம் 400 மணிநேரம்: 25 பாத்துப் படிக்கறது, 375 நேரடி. அதுல 325 மாஸ்டர்ஸ் படிக்கும்போதே முடிக்கணும். அதுவும் ஆஷா சான்றிதழ் உள்ளவங்க மேற்பார்வையில செஞ்சதுதான் கணக்கு. ஊர்ல உங்களைப் பாத்தவங்களுக்கு அது பெரும்பாலும் இருக்காது, அதனால பூஜ்யத்துலேர்ந்துன்னே வச்சுக்கிடுங்க. படிப்பு வீணாகாது. ஃபோனடிக்ஸ், அனாடமி, குழந்தை மொழி வளர்ச்சி, ஆடியாலஜி எல்லாத்துக்கும் விவரமான சிலபஸ் காட்டினா, அதே பாடத்தை லெவலிங்னு திரும்ப எடுக்கச் சொல்லாம விடுவாங்க.

கவனிக்காம மாட்டுறது அடிப்படைப் பாடங்கள்: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல். பிளஸ் டூ பிசிக்ஸ் செல்லாது, கல்லூரி அளவுல வேணும். நம்ம ரிசர்ச் மெத்தடாலஜி பேப்பர் புள்ளியியலுக்கு ஈடாகாது. இப்பவே கம்யூனிட்டி காலேஜ்ல பிசிக்ஸ், புள்ளியியல் ரெண்டையும் எடுங்க. எச்4ல படிக்கத் தடையில்ல.

பொதுவா வேலைக்குத்தான் தடை. படிப்பு முடிஞ்சதும் கிளினிக்கல் ஃபெல்லோஷிப்னு மேற்பார்வையோட ஒரு பயிற்சிக் காலம், குறைஞ்சது 36 வாரம், 1,260 மணிநேரம், சம்பள வேலை. எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறினா, படிப்புக்கு அப்புறம் வேலை செய்யத் தர்ற ஓ.பி.டி. அனுமதியோட 12 மாசத்துல அது அடங்கும். ஆனா வேலை தேடற நாளும் டெக்சாஸ் இன்டர்ன் லைசன்ஸுக்குக் காத்திருக்கற நாளும் அதுலதான் கழியும். அதனால சேருறதுக்கு முன்னாலேயே பல்கலைக்கழக சர்வதேச மாணவர் அலுவலகத்துல பேசிருங்க. சான்றிதழுக்கான பிராக்ஸிஸ் தேர்வுல தேர்ச்சி மதிப்பெண் 162, அதைக் கடைசி செமஸ்டர்ல பாத்துக்கிடலாம்.

பாளை_பொண்ணு:
இப்பத்தான் மூச்சு வருது அண்ணாச்சி. தம்பி வியாழக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல சென்னைக்குப் போறான், யுனிவர்சிட்டியில நேர்ல கேக்க.

சேரன்மாதேவி_ஹூஸ்டன்:
நல்லது. டிரான்ஸ்கிரிப்டும் சிலபஸும் மூடி முத்திரை போட்ட உறையில மூணு செட் வாங்கச் சொல்லுங்க. உறையில போடுறதுக்கு முன்னால ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுக்கட்டும். ஒட்டின மடிப்பு மேலேயே முத்திரை விழணும், வெளிநாட்டுப் படிப்பை எடைபோடற மதிப்பீட்டு நிறுவனம் தந்த ரெஃபரன்ஸ் நம்பர் உறை மேல இருக்கணும். வீட்ல யாரும் ஆர்வத்துல பிரிச்சுறக் கூடாது, பிரிச்சா செல்லாது. யுனிவர்சிட்டியில பணம் கட்டின ரசீதை அன்னைக்கே இங்க நீங்க விண்ணப்பிச்ச டிபார்ட்மென்டுக்கு அனுப்பி, கூடுதல் நாள் கேளுங்க.