புதுப்பிப்பு: கொடைக்கானல் நாவல் மின்னூலாகிவிட்டது

அறிவியல் புனைவும் குடும்பக் கதையும் கலந்த என் நாவலை எந்த வகையில் சேர்த்து மின்னூலாக வெளியிடுவது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுமாறு சிலர் அறிவுறுத்தியிருந்தீர்கள். வெட்டவில்லை. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயுவின் ஓட்டத்தைக் கண்டறிந்த கொடைக்கானல் வானாய்வகத்தைச் சுற்றியே கதை நடப்பதால், அறிவியலை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பம் மலையேறி வரக் காரணமே இருக்காது. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஒரு நூலுக்கு 3 வகைகள் வரை தேர்ந்தெடுக்கலாம் என்பதால் இரண்டிலுமே சேர்த்துவிட்டேன்.

உண்மையில் என்னை வாட்டியது எழுத்துருதான். பழைய அத்தியாயங்களைப் பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்திருந்தேன். இன்றைய பொது முறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியபின், கைப்பேசி முன்னோட்டத்தில் ‘கொடைக்கானல்’ என்ற சொல்லிலேயே கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகப் பிரிந்து நின்றன. அப்படி உடைந்த ஒரு சொல் கண்ணில் பட்டாலே வாசகர் கதையிலிருந்து வெளியே வந்துவிடுவார் என்பதால், கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள வீட்டில் 11 இரவுகள் அமர்ந்து வரிவரியாகத் திருத்தினேன்.

இந்தியாவில் விற்கும் படிகளுக்கு 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமானால், 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை என்ற கிண்டில் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும், சேர்ந்துவிட்டேன். அச்சுநூலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை, ஆகவே ஏரிச்சாலைக் கடை ஒன்றில் வைக்க 50 படிகள் அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.