அலாஸ்காவுக்குப் பெரிய கப்பலா, சிறிய கப்பலா?

நங்கூரம்:
அடுத்த ஜூனில் ஊரிலிருந்து வரும் பெற்றோரை அலாஸ்காவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். சியாட்டிலில் புறப்பட்டு ஏழு நாளில் அங்கேயே திரும்பும், நாலாயிரம் பேர் ஏறும் கப்பல் ஒன்று. அலாஸ்காவுக்குள்ளேயே ஜூனோ என்ற ஊரிலிருந்து சிட்கா என்ற ஊர் வரை போகும், எழுபது பேர் மட்டுமே ஏறும் கப்பல் மற்றொன்று. எதற்கு முன்பணம் கட்டுவது என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேசியும் முடிவு எட்டவில்லை. அப்பாவுக்கு வயது 72, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். அம்மாவுக்குப் பனியாற்றை அருகில் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே ஆசை.

உப்புக்காற்று:
அம்மாவின் ஆசைதான் அளவுகோல் என்றால், சிறிய கப்பலைத் தவிர வேறு விடை இல்லை. பனியாறுகள் கடலில் வந்து முடியும் விரிகுடாவான கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள். உள்ளே போகும் அவையும் கரையில் எவரையும் இறக்குவதில்லை. மார்ஜரி பனியாற்றின் முன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று, இரு பக்கத்தாரும் பார்க்கும்படி மெல்லத் திரும்பிவிட்டுப் புறப்பட்டுவிடும். அனுமதி பெற்ற சிறு கப்பல்களோ விரிகுடாவிலேயே இரவு தங்கி, பயணிகளைப் படகில் ஏற்றிக் கரைக்கும் அனுப்புகின்றன.

சென்ற கோடையில் நான் போன கப்பலில் அறுபது பேர் இருந்தோம். ஒரு நாள் காலை மாலுமி படகின் எஞ்சினை அணைத்துவிட்டு எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மிதந்து வந்த பனிக்கட்டிகளுக்குள் நெடுங்காலமாக அடைபட்டிருந்த காற்று வெளியேறும் ஓசை, வாணலியில் கடுகு பொரிவதுபோல நாலா பக்கமும் கேட்டது. பதினாறாம் தளத்தின் உணவுக்கூடத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
நண்பர் அழகாக எழுதியிருக்கிறார்; ஆனால் அந்தப் படகில் இறங்குவதற்குக் கப்பலின் பின்புறத்தில் எத்தனை படி, ஆடும் படகுக்குள் காலை எடுத்து வைக்க முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இந்த அளவுக் கப்பல்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, மருத்துவரும் பெரும்பாலும் இருக்கமாட்டார். பெரிய கப்பலில் மருத்துவர், செவிலியர், எக்ஸ்ரே எல்லாம் உண்டு. என் மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஏழு நாளும் எல்லாத் தளத்துக்கும் கொண்டுபோனோம். அவர் தம் அறை பால்கனியில் சால்வை போர்த்துக்கொண்டு உட்கார்ந்தே பனியாற்றைப் பார்த்தார். முதல் நாளே உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் சொல்லி வைத்ததால், மறுநாள் முதல் பருப்பும் காய்கறியும் தனியாகச் செய்து தந்தார்கள். எழுபது பேருக்கு ஒரே அடுக்களை வைத்திருக்கும் கப்பலில் இதை எதிர்பார்க்க முடியுமா?

செலவையும் பாருங்கள். பெரிய கப்பலில் ஜன்னல் இல்லாத அறை சில வாரங்களில் தலைக்கு ஆயிரம் டாலருக்குள்ளேயே கிடைக்கிறது. சிறிய கப்பலில் நாலைந்து மடங்கு ஆகும். ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலையே இல்லாததால், விமானச் செலவும் அதன் மேல் சேரும்.

உப்புக்காற்று:
படியைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குப்பிள்ளை ஐயா கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. பெரிய கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடியில், அதாவது வேறு நாட்டில் பதிவாகி, ஓடுபவை. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, சியாட்டிலில் ஏறியவர்களைச் சியாட்டிலிலேயே இறக்க வேண்டுமானால் அவை நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். கடைசி இரவில் பல கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது ஊர் சுற்றிக் காட்டுவதற்காக மட்டுமல்ல. 2021இல் கொரோனாவால் கனடா தன் துறைமுகங்களைச் சுற்றுலாக் கப்பல்களுக்கு மூடியபோது, அலாஸ்காப் பயணங்களுக்கென்று இச்சட்டத்துக்குத் தற்காலிக விலக்குத் தர வேண்டியதாயிற்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும். ஜூனோவிலிருந்து சிட்கா போகும் அமெரிக்கக் கொடிக் கப்பலில் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் செல்கின்றன. தீவுகளின் மறைவிலேயே ஓடும் சிறு கப்பலைவிட அங்கே ஆட்டம் அதிகமாக இருக்கக்கூடும்.

கணக்குப்பிள்ளை:
விசா விஷயத்தை நான் மறந்தது பிழைதான். இப்போதே விண்ணப்பித்தால் ஜூனுக்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன். ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி, ஏனெனில் பெரிய கப்பலின் அடியில் இருபுறமும் துடுப்புப்போல நீளும் தகடுகள் உருட்டலைப் பெருமளவு அடக்கிவிடுகின்றன. மருத்துவர் இல்லாக் குறையை அடக்க எந்தத் தகடும் இல்லை.

கரைவாசி:
இருவருக்கும் நடுவில் ஒரு திருத்தம். எல்லாப் பெரிய கப்பலும் கிளேசியர் பேக்குப் போவதாக எண்ணி முன்பணம் கட்டிவிடாதீர்கள். பூங்காவின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் கப்பல்களே உள்ளே போக முடியும். மற்றவை ஹப்பர்ட் பனியாறு, எண்டிகாட் ஆர்ம் என்னும் குறுகிய கடற்கழி என்று வேறிடம் செல்கின்றன. விளம்பரத்தில் ‘பனியாற்றுக் காட்சி’ என்று மட்டும் இருந்தால் எந்தப் பனியாறு என்று கேளுங்கள். ஜூனோவில் கூட்டம் நெரிந்ததால்தான் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல் என்று 2024 முதல் வரம்பு வைத்தார்கள். முப்பத்தோராயிரம் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு அந்த ஐந்துமே அதிகம் என்பது என் எண்ணம்.

நங்கூரம்:
அனைவருக்கும் நன்றி. கனடா விசா பற்றி ஒருவர்கூட எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. இன்று காலை அப்பாவிடம் படகில் இறங்கும் படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “நீங்கள் மூவரும் இறங்குங்கள், நான் மேலே இருந்துகொள்கிறேன்” என்றார். அம்மா அதற்கு உடன்படவில்லை. ஆகவே கிளேசியர் பேக்குள் போகும் பெரிய கப்பலில் பால்கனி அறை கேட்டிருக்கிறேன். விசாப் படிவத்தை இன்றிரவு நிரப்பத் தொடங்குகிறேன்.