சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் கதை வாசித்துக் காட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை அம்மா:
நானே தொடங்குகிறேன். எங்கள் தொடர்மாடியில் பின்னேரத்தில் ரியூசன் இல்லாமல் இருப்பது நேசரிப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களில் நாலைந்து பேரைக் கூட்டி வைத்துக் கதை வாசிக்கிறேன். ஒரு வரியை இங்கிலிஷில் வாசித்து உடனே அதையே தமிழில் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அப்படிச் செய்தால் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா, தமிழ் வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முதலில் படங்களை மட்டும் புரட்டி, இவர் யார், எங்கே போகிறார், ஏன் மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று தமிழில் ஆசை தீரக் கதைத்துவிடுவோம். அப்புறம் கதை முழுக்க இங்கிலிஷ். நடுவில் யாராவது தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்வேன். "இங்கிலிஷில் கேள்" என்று ஒருமுறை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை அன்றைக்கு வாய் திறக்காது.

புத்தகம் தெரிவு செய்யும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான், நடந்ததே திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். சிங்களத்தில் சிறுவர் கதை எழுதிய சிபில் வெத்தசிங்கவின் குடைக் கள்ளன் கதை இங்கிலிஷிலும் கிடைக்கிறது, எங்கள் கூட்டத்தில் அதற்குத்தான் மவுசு. கிரி மாமா பட்டணத்தில் முதன்முதலாகக் குடையைக் கண்டு, ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார், கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் குடையைக் காணோம். திரும்பப் பட்டணம், திரும்பக் குடை, திரும்பக் களவு. இரண்டாவது களவுக்கே பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிடும், மூன்றாவதில் எனக்கு முன்னால் அவர்கள் இங்கிலிஷில் கத்துவார்கள். கள்ளன் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், வாசிக்காதவர்கள் இருக்கிறீர்கள்.

தெஹிவளை அப்பா:
அன்ரி, உங்கள் பிள்ளைகள் இருந்து கேட்கிறார்கள், கொடுத்து வைத்தவர். என் மகனுக்கு வயது ஐந்து, முயலும் கரடியும் வந்தாலே எழும்பி ஓடிவிடுவான், அவனுக்கு வேண்டியது பஸ்ஸும் ரயிலும். கடையில் வாகனப் புத்தகம் தேடினால் எல்லாம் பெயரும் படமும்தான், கதை இல்லை. சரி என்று நானே ஒரு சிஆர் கொப்பியில் கரையோர ரயிலைக் கீறினேன். கோட்டையில் புறப்படும், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று நிற்கும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் ஓடி வந்து "வெயிட் ஃபோர் மீ!" என்று கத்துவார். ஒருவர் மீன் கூடையோடு, ஒருவர் கல்யாணக் கேக்கோடு, ஒருவர் வாழைக்குலையோடு. வசனம் மாறாது, ஏறுகிற ஆள் மட்டும் மாறுவார். என் கீறல் மகா கேவலம், ரயில் பாண் மாதிரி இருக்கும், ஆனால் அவனுக்கு அது பிரச்சினையே இல்லை. இப்போது லிஃப்ட் கதவு மூடப் போனால் அந்த வசனம்தான், தங்கச்சி சோப்போடு பாத்ரூமுக்குள் போனாலும் அதுதான். போன கிழமை அவனே "வெயிட் ஃபோர் அம்மா" என்று மாற்றிச் சொன்னான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொட்டாஞ்சேனை அப்பப்பா:
பேத்தி இன்ரநஷனல் ஸ்கூல். நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன், என் இங்கிலிஷ் உச்சரிப்புக்குள் ஒரு பனங்காடே இருக்கும். நான் வாசித்தால் பிள்ளையின் உச்சரிப்புக் கெட்டுவிடுமோ என்று மருமகளுக்குப் பயம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் ரீச்சர் மாதிரியும் என் மடியில் என்னை மாதிரியும் வாசிக்கிறாள், இரண்டும் வேறு வேறு என்று அவளுக்குத் தெரிகிறது. ஒருநாள் என்னையே திருத்தினாள். அதற்குப் பிறகு வேண்டுமென்றே சில இடங்களில் பிழையாக வாசிக்கிறேன், திருத்துவதற்காகவே பக்கத்தில் வந்து இருப்பாள். மருமகளுக்கு இது தெரியாது, தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஆரம்பப் பிரிவு ரீச்சர்:
ஐயாவின் வேலை நல்ல வேலை. நான் அரசாங்கப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எங்களிடம் இங்கிலிஷ் வாய்மொழிதான், பாட்டும் விளையாட்டும் கதையுமாகப் போகும், தரம் 3இல்தான் ஒழுங்கான பாடமாகத் தொடங்கும். ஆனால் பெற்றோர் வருகிற நாளில் கேட்பது எல்லாம் "ரீச்சர், கொப்பியில் ஒன்றுமே இல்லையே?" கதை கேட்ட பிள்ளைக்குக் கொப்பியில் என்ன இருக்கப் போகிறது? வீட்டில் கதை வாசித்தால் முடிந்ததும் பரீட்சை வைக்காதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். கரடி என்ன நிறம், ஸ்பெலிங் சொல்லு என்று கேட்டால் அடுத்த நாள் புத்தகத்தைக் கண்டதும் பிள்ளைக்கு வயிற்று வலி வரும். நடுவில் நிறுத்தி, "இனி என்ன செய்யப் போகிறார்?" என்று கேளுங்கள், பதில் தமிழில் வந்தாலும், "ஓ, ஹி வில் ரன்?" என்று அதையே இங்கிலிஷில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

வத்தளை அக்கா:
எல்லாம் சரி, வெளிநாட்டுப் படப் புத்தகம் ஒன்றின் விலையைப் பார்த்தீர்களா? போனில் கதை வீடியோ போட்டுக் கொடுத்தால் என்ன?

வெள்ளவத்தை அம்மா:
போட்டுப் பார்த்தேன் தங்கச்சி. பிள்ளை பார்க்கும், ஆனால் கிரி மாமாவுக்குக் கத்துகிற மாதிரி போனுக்குக் கத்தாது. வீடியோவும் நிற்காது, பிள்ளை கேட்ட கேள்வி அந்தரத்தில் தொங்கும். பழைய புத்தகம் என்றால் மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைக் கடைகளில் கிளறுங்கள், பொது நூலகத்தில் சிறுவர் பகுதியும் இருக்கிறது. அதைவிட லேசான வழி, இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளம். வாசிப்புப் படிநிலை போட்டுப் பிரித்திருக்கிறார்கள், பல கதைகள் தமிழிலும் இங்கிலிஷிலும் இருக்கின்றன, காசு இல்லாமல் இறக்கி அச்சடிக்கலாம். சின்னவர்களுக்கு முதலாம் படிநிலையே காணும். பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுங்கள், நிறத்தை அவர்களே அடிப்பார்கள். எங்கள் யானை இப்போது பச்சை.