தம்பியின் பதிவும் அந்தப் பதினைந்து நிமிடமும்

திருநெல்வேலியில் எம்ப்ளாய்மென்ட் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்துவந்த அப்பா, தாராவிக்குக் குடிவந்த பின்னும் அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். தம்பிக்கு வேலை போனதும் அவர் சொன்ன முதல் சொல், "போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள்" என்பதுதான்.

மும்பையிலுள்ள ஒரு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு இருவரும் போனோம். பதிவெல்லாம் இணையத்தில்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். தொண்ணூறு அடிச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நூறு ரூபாய் கொடுத்துப் பதிந்தோம். கடைப் பையன் "பத்தாம் வகுப்பு" என்று நிரப்பிவிட்டு, அனுபவம் கேட்ட இடத்தைக் காலியாக விட்டுவிட்டான், நாங்களும் கவனிக்கவில்லை. ஏழு ஆண்டுகள் தோல்பை தைத்த என் தம்பிக்கு அடுத்த எட்டு மாதங்களில் வந்த தகவல்கள் அனைத்தும் காவலாளி வேலைக்கானவை.

மீண்டும் நேரில் போனபோது ஐந்து மேசைகளில் இரண்டில்தான் ஆள் இருந்தது. அங்கிருந்த ஓர் அம்மையார் கேட்ட முதல் கேள்வியே, என்ன மெஷினில் தைப்பாய் என்பது. சிலிண்டர் பெட், அதாவது உருளை வடிவ மேடை கொண்ட மெஷின் என்று தம்பி சொன்னதும், பையின் எந்தப் பகுதியை அதில் தைப்பாய், தோலின் கனத்துக்கேற்ப ஊசி மாற்றத் தெரியுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு தரும் அரசின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் அவன் வேலைக்குரிய எட்டு இலக்கக் குறியீட்டைத் தேடியெடுத்துப் பதிவைத் திருத்தினார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. மூன்றாம் வாரம் ஒரு தோல்பொருள் ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். இப்போது அங்குதான் வேலை செய்கிறான்.

உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களை வேலையில் அமர்த்துவதற்காக 1945இல் தொடங்கப்பட்டதுதான் இந்த வேலைவாய்ப்பு அலுவலகச் சேவை. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்த 1959ஆம் ஆண்டுச் சட்டமே, அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே முதலாளியிடம் போய்ப் பேசவும், வேலை தேடி வருபவரிடம் உட்கார்ந்து கேட்கவும் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தால்தான் அலுவலகத்தால் பயன் உண்டு. 2015இல் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் வந்தபின் வீட்டிலிருந்தே பதிய முடிகிறது, அது நல்லதுதான். ஆனால் எத்தனை பேர் பதிந்தார்கள் என்ற கணக்கைக் காட்டி ஓர் அலுவலகம் நன்றாக நடக்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தம்பியும் எட்டு மாதங்கள் அந்தக் கணக்கில்தான் இருந்தான்.

நாங்கள் குடியிருக்கும் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஓர் அக்கா இருக்கிறார். பத்து ஆண்டுகளாக எம்பிராய்டரி செய்கிறார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருடைய பதிவிலும் அனுபவம் என்ற இடம் காலியாகத்தான் இருக்கிறது. இந்தத் திங்கட்கிழமை அவர் தைத்த துணிகள் நான்கைப் பையில் எடுத்துக்கொண்டு, கூடவே நானும் போய் அந்த அம்மையாரைப் பார்ப்பதாக இருக்கிறோம்.