இனிப்பு புளிப்பு கறி உருண்டை: பொரித்துப் போடுவதா, பச்சையாகவே சாஸில் போடுவதா?

கரண்டிக்காரன்:
நேற்று செய்தேன். அரை கிலோ கொத்துக்கறி, ஒரு முட்டை, பாலில் ஊறவைத்த ரொட்டித்தூள், உப்பு, மிளகு. எண்ணெய்ச் சட்டியைக் கழுவச் சோம்பல்பட்டு, உருட்டியதைப் பொரிக்காமல் கொதிக்கிற சாஸிலேயே போட்டு 20 நிமிடம் மூடி வைத்துவிட்டேன். பஞ்சு மாதிரி வந்தது. பொரிப்பது வெறும் பழக்கதோஷம், இனிமேல் இப்படித்தான்.

அடுப்படி:
பழக்கதோஷமா? சாஸில் வேகிற கறி 100 டிகிரிக்கு மேல் போகவே போகாது. கறி சிவந்து அந்த வறுபட்ட வாசனை வர 140 டிகிரி பக்கமாவது சூடு வேண்டும், அதுவும் மேற்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். நீங்கள் செய்தது சாஸில் அவித்த கறி. அப்புறம், இறங்கிய கொழுப்பு மேலே மிதந்திருக்குமே?

கரண்டிக்காரன்:
மிதந்தது, வழித்து எடுத்தேன். பேரிலேயே கரண்டி இருக்கிறது! ஆனால் கறியின் சாறும் சாஸில்தான் இறங்குகிறது, நீங்கள் அதை எண்ணெயோடு சேர்த்துக் கொட்டுகிறீர்கள். கெட்சப், வினிகர், சர்க்கரை, சோயா சாஸ் எல்லாம் தூக்கலாக இருக்கிற இடத்தில் வறுபட்ட வாசனை யார் மூக்குக்கு எட்டப்போகிறது?

உப்புக்கல்:
ஓவனில் 200 டிகிரியில் வைத்து எடுங்கள், சிவக்கவும் செய்யும், எண்ணெயும் வேண்டாம். சண்டை முடிந்தது.

அடுப்படி:
முடியவில்லை. கரண்டிக்காரரே, உண்மையைச் சொல்லுங்கள், சாஸ் நீர்த்துப்போனதா இல்லையா?

கரண்டிக்காரன்:
...கொஞ்சம்.

அடுப்படி:
சோள மாவை முதலிலேயே கரைத்து ஊற்றி, வினிகரோடு 20 நிமிடம் கொதிக்கவிட்டால் அப்படித்தான் ஆகும். கெட்டியாகப் பிடித்த மாவைப் புளிப்பு உடைத்துவிடும். நாங்கள் உருண்டையைத் தனியாகப் பொரித்து வைத்துக்கொண்டு, சாஸை இரண்டே நிமிடத்தில் காய்ச்சிப் புரட்டி இறக்கிவிடுகிறோம், அதனால்தான் பளபளவென்று ஒட்டிக்கொள்கிறது.

கரண்டிக்காரன்:
சரி, அப்படியானால் மாவைக் கடைசியில் ஊற்றினால் போதும். அதற்கு எதற்கு ஒரு சட்டி எண்ணெய்?

பசித்தவன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பழ வாசனைக்காகப் பச்சை அன்னாசியை அரைத்துக் கறியில் பிசைந்து இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் உருட்டவே வரவில்லை, கூழ். நான் எந்தக் கட்சி என்று முடிவெடுப்பதற்குள் கறியே போய்விட்டது.

உப்புக்கல்:
பச்சை அன்னாசியில் ப்ரோமெலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, கறியின் புரதத்தையே அறுத்துவிடும். டின் அன்னாசியை ஏற்கெனவே சூடாக்கித்தான் அடைக்கிறார்கள், அதில் இந்தத் தொல்லை கிடையாது. பச்சைப் பழம்தான் வேண்டுமென்றால் சாஸில் போட்டுக் கொதிக்கவிடுங்கள், கறியோடு பிசையாதீர்கள். எந்தக் கட்சியானாலும் சரி, உருண்டையின் நடுவில் 71 டிகிரி வந்ததா என்று பாருங்கள், மேலே சிவந்ததை நம்பி இறக்காதீர்கள்.

அடுப்படி:
இன்று ஒரே கறியில் பாதியைப் பொரித்தேன், பாதியைப் பச்சையாகப் போட்டேன், மாவைக் கடைசியில்தான் ஊற்றினேன். பச்சையாகப் போட்டது மிருதுவாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வாசனையில் பொரித்ததுதான். வீட்டில் முதலில் காலியானது எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கரண்டிக்காரன்:
எது?

அடுப்படி:
பச்சையாகப் போட்டது. அந்தப் பாத்திரம் கைக்கு எட்டுகிற பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.