கேபிள், ரெக்கார்டர், டிவி இணைப்பில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சுவரிலிருந்து வரும் ஒரே கோஆக்சியல் கேபிளை டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டருக்கும் டிவிக்கும் பகிர்ந்து, ஒரு சேனல் பதிவாகும்போதே வேறொன்றைப் பார்க்க விரும்புகிறேன். இரண்டிலும் தனித்தனி டியூனர் (சேனலைத் தேர்ந்து பிடிக்கும் பகுதி) உண்டு. சேனல்கள் பூட்டப்படாதவை என்பதால் செட்டாப் பாக்ஸ் தேவையில்லை.

இப்போது இருவழி ஸ்ப்ளிட்டரின் (ஒரு கேபிளின் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் கருவி) ஒரு முனையை ரெக்கார்டரிலும் மறுமுனையை டிவியிலும் இணைத்து, ரெக்கார்டரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிளும் கொடுத்திருக்கிறேன். பதிவானவை தெளிவாக ஓடுகின்றன. ஆனால் டிவியின் சொந்த டியூனரில் பார்க்கும்போது சில சேனல்களில் படம் சிறு சிறு கட்டங்களாக உடைந்து, ஒலியும் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டுச் சுவர்க் கேபிளையே டிவியில் செருகினால் அதே சேனல்கள் சீராகிவிடுகின்றன.

இருவழி ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு முனைக்கும் ஏறத்தாழ 3.5 டெசிபல் சிக்னல் குறையும் என்பதை அறிவேன். அப்படியானால் ரெக்கார்டரும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டுமே என்பதுதான் என் குழப்பம். டிவிக்குச் செல்லும் கேபிளின் கனெக்டரை உற்றுப் பார்த்தேன்: கேபிளின் உள்ளே நடுக் கம்பியைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பியின் ஓர் இழை, நடுவிலுள்ள செம்புக் கம்பியைத் தொடுவதுபோல் தெரிகிறது.

முதலில் இந்தக் கனெக்டரை மாற்றுவதா, ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் பொருத்துவதா, அல்லது ஸ்ப்ளிட்டரைத் தவிர்த்து ரெக்கார்டரின் ஆர்எஃப் அவுட் (உள்ளே வரும் கேபிள் சிக்னலை வெளியே அனுப்பும் முனை) வழியாகவே டிவிக்குக் கொண்டுசெல்வதா? இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.